காலை ஆறு மணிக்கு வெளுக்கும் கண்ணாடி

எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு வேலை இரண்டு வகை. மெஷின் விற்கப் போவது ஒன்று. விற்ற மெஷினுக்கு வசவு வாங்கப் போவது இன்னொன்று. முதல் வகைக்குக் கோட்டு போட்டவர்கள் போவார்கள். இரண்டாவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கோவையில் தேயிலை மெஷின் செய்கிற இடத்தில் சர்வீஸ் பார்க்கிறேன். வசவு வாங்குவதில் எனக்கு நல்ல பேர் உண்டு.

இந்த முறை வசவு இலங்கையிலிருந்து வந்தது. மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போன வருடம் கலர் சார்ட்டர் ஒன்று அனுப்பியிருந்தோம். தேயிலைத் தூளை ஒரு கண்ணாடி முன்னால் மழைபோலக் கொட்டவிட்டு, கேமரா வைத்துப் பார்த்து, வெளிறிய குச்சியை மட்டும் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின் அது. அங்கே போனதிலிருந்து அது குச்சியோடு நல்ல தூளையும் சேர்த்து ஊதித் தள்ளுகிறதாம். கொழும்பு ஏஜென்ட் ஆட்கள் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, மெஷினில் குறையில்லை, ஓட்டுகிறவர் கண்ணாடியைத் துடைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். தோட்டம் ஒப்புக்கொள்ளவில்லை, கம்பெனியிலிருந்து ஆள் வரட்டும் என்றது.

"போங்க, பாருங்க, ஆபரேட்டர் தப்புன்னு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்கம்மா" என்றார் எங்கள் எம்.டி.

"பாக்கறதுக்கு முன்னாடியே என்ன எழுதறதுன்னு தெரிஞ்சா, இங்கிருந்தே எழுதிரலாமுங்களே சார்?"

"பூங்கொடி, குதர்க்கம் பேசாதீங்க. டிக்கெட் போட்டாச்சு."

தம்பி மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போக வேண்டிய வாரம் அது. வாயில் வந்ததையெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சுவரிடம் சொல்லித் தீர்த்துவிட்டுப் பெட்டி கட்டினேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஒரு விமானம். உட்கார்ந்து பெல்ட் போட்டு நிமிர்வதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் அதைவிட அதிக நேரம் சிக்னலில் நின்றிருக்கிறேன். அடுத்து, தீவின் வடக்கிலிருந்து தெற்கே கொழும்புப் பக்கம் இரத்மலானைக்குப் போகும் சின்ன விமானம். அதைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மினி பஸ்ஸுக்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது.

ஏறுவதற்கு முன் ஓர் இளைஞர் தராசைக் காட்டினார். "அக்கா, இதில ஏறுங்கோ."

பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

"பெட்டி பிறகு. முதல்ல நீங்கள் ஏறுங்கோ."

என்னையா? வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஏறி நின்றேன். அவர் எண்ணைச் சத்தமாக வேறு படித்தார். அதை இங்கே எழுத மாட்டேன். அதற்கப்புறம் என் டூல்ஸ் பெட்டியை வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "பாரம் கூடிப்போச்சு அக்கா. இதை நாளையண்டைக்கு வாற பிளேனில அனுப்பி விடுறம்."

"தம்பி, நான் போறதே அந்தப் பெட்டிக்காகத்தானுங்க. டூல்ஸ் இல்லாம நான் அங்க போயி என்ன பண்றது?"

"நீங்கள் போய்ச் சேருங்கோ. பெட்டி பின்னால வரும்" என்றார், மாறாத மரியாதையோடு. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்திருந்தார், கொழும்பில் மகள் வீட்டுக்கு. முருங்கைக்காய் ஏறியது. என் பெட்டி ஏறவில்லை. அந்தக் கோபத்தில் எனக்குப் பறக்கிற பயமே போய்விட்டது.

பயம் திரும்பி வந்தது மேலே போன பிறகு. மேகத்துக்குள் புகுந்தபோது ஒரு உதறல் உதறியது பாருங்கள், மருதமலை முருகனிலிருந்து எங்கள் தெருமுனைப் பிள்ளையார் வரை எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். "பயப்பிடாதேங்கோ, இது ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்" என்றார் முருங்கைக்காய்க்காரர். ஒவ்வொரு நாளும் இப்படி என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் மேகம் விலகியதும் கீழே பனைமரமும் உப்புத்தண்ணீரும் போய், காடு வந்து, காட்டுக்கு நடுவே குளம் குளமாக மின்னியது. ஒரு நாட்டின் தலையிலிருந்து கால்வரை ஒரே மணி நேரத்தில் பார்த்தேன். இதற்காகவாவது வந்தது சரிதான் என்று இறங்கும்போது நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, கோபம் குறைந்துவிட்டது என்று தெரிந்துவிடுமே.

மறுநாள் வியாழக்கிழமை, மலைக்கு ரயில். ஜன்னல் சீட்டு கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் மூஞ்சியை வெளியே நீட்டிக்கொண்டே போனேன். நாவலப்பிட்டி தாண்டுவதற்குள் மூக்கு அடைத்துக்கொண்டது. இறால் வடை விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். வடையைச் சுற்றிக் கொடுத்த தாள் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். ஏழாவது கணக்கு தப்பு. வடை நூற்றுக்கு நூறு. எதிரே ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா வாழையிலைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த ஹட்டன் பெண், வங்கியில் வேலை பார்ப்பவராம், எனக்குச் சொன்னார்: "வெறும் வயித்தோட மலை ஏறக் கூடாதாம். சாப்பிடச் சொல்றாங்க." சாப்பிட்டேன். பலாக்காய்க் கறி. வாசம் தெரியவில்லை, மூக்குதான் மூடிக் கிடக்கிறதே. ஆனால் நாக்குக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பெண் பேசப் பேச எனக்கு ஆச்சரியம். பலாலியில் கேட்ட தமிழ் வேறு. இவர் "வந்தாங்க, போனாங்க, இருக்காங்க" என்று திருச்சிப் பக்கத்து அத்தை மாதிரியே பேசினார். கடல் தாண்டி வந்து, நாடு தாண்டிப் பறந்து, மலையேறினால் சமயபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஹட்டனில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் எங்கோ தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டதாம், எல்லாரும் இறங்கிவிட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று சண்டை போட்டிருக்கும். இங்கே அவரவர் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் பஸ்ஸுக்கு நடந்தார்கள். சண்டை போட ஆள் இல்லாமல் நானும் நடந்தேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. "அக்கா உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே கிடந்தது அவருடைய நம்பிக்கை மட்டும்தான். கொட்டகலை, தலவாக்கலை, அங்கிருந்து ஆட்டோ. இங்கே அதற்கு த்ரீவீல் என்று பெயர். தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, பிற்பகல் இரண்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் இறங்கினேன். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்கிறார்கள்.

ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரியை டீமேக்கர் என்பார்கள். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, பதற்றமான மனிதர். இஞ்சி போட்டு, பால் சேர்க்காத பிளேன் டீ கொடுத்தார். குன்னூரில் நூறு பேக்டரியில் தேநீர் குடித்திருக்கிறேன். எல்லாம் பாலில் மூழ்கடித்த தேநீர். இது தொண்டையில் இறங்கியதும் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினேன்.

பிறகு மெஷினைப் போட்டார்கள். என்ன சொல்ல? அது தங்கமாக ஓடியது. முறுக்கிய கறுப்புத் தூள் ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். குறையே இல்லை.

"பாத்தீங்களா மிஸ்? கொழும்பு ஆளுங்க வந்தப்பவும் இப்படித்தான்" என்றார் டீமேக்கர். "மத்தியானம் நல்லா ஓடுது. காலையில பாத்தா கழிவுச் சாக்குல பாதி நல்ல தூள். அப்ப காலையில தொடைக்காம போடுறாங்கன்னுதானே அர்த்தம்? தொரை சொல்லிட்டாரு. நோட்டீஸும் போட்டாச்சு."

தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். நோட்டீஸ் ஸ்டோர் வாசல் பலகையில் இருந்தது. அதன் எதிரேதான் பெரட்டுக்களம், காலையில் தொழிலாளிகளைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். ஆக, தோட்டமே படிக்கிற இடத்தில் ஒட்டியிருந்தது. இயந்திரத்தைச் சரிவரத் துடைக்காததால் நல்ல தூள் வீணானது என்றும், அதனால் எம். ஜெயராணி திங்கட்கிழமை முதல் தேயிலை மலையில் கொழுந்து எடுக்க மாற்றப்படுகிறார் என்றும் தமிழில் தட்டச்சு செய்து, கீழே முத்திரை குத்தியிருந்தது.

அந்த ஜெயராணி எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துணி கட்டி, கையில் துடைக்கிற துணியோடு. அந்த ஸ்டோரில் மெஷின் ஓட்டிய முதல் பெண் அவர்தானாம்.

"படிச்சிட்டீங்களா மிஸ்?" என்றார்.

"படிச்சனுங்க."

"மலைக்குப் போறது ஒண்ணும் கேவலமில்ல. எட்டு வருஷம் கொழுந்து எடுத்தவதான் நான். செய்யாத தப்புக்குப் போறேன் பாருங்க, அதான் கேவலம்." கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "நீங்களும் மத்தியானம் பாத்துட்டுப் போயிராதீங்க. காலையில ஆறு மணிக்கு வாங்க. யாருமே ஆறு மணிக்கு வந்து பாக்கல."

ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார், இங்கே அதைக் கொப்பி என்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஆறு பத்து, வெள்ளை. தொடச்சேன், போகல. எட்டு நாப்பது, தெளிஞ்சிருச்சு. மழை நாள், ஒன்பதரை வரைக்கும் வெள்ளை. இரண்டு மாதத்துக்கு, ஒரு நாள் விடாமல்.

"இதை அவங்ககிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினேன். சிரிச்சாங்க. காலையில மூடியைத் தொறந்தா கோயில் வாசம் வருதுன்னும் சொன்னேன். அதுக்கு இன்னும் சிரிச்சாங்க."

கோயில் வாசம் என்றதும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன். ரிப்போர்ட் தாள் பையில் இருந்தது. அப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கினால் அடுத்த நாளே ஊருக்குக் கிளம்பலாம், பட்டும் எடுக்கலாம். ஆனால் இந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு எப்படி எழுதுவது? பொய் சொல்கிறவர்கள் மழை நாளைத் தனியாகக் குறித்து வைக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, இரண்டு ஸ்வெட்டரும் மூக்கடைப்புமாக, போய் நின்றேன். அப்படி ஒரு குளிர். இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. ஜெயராணி வெளிமூடியைத் திறந்தார். கண்ணாடி வெளுத்திருந்தது. பனி பிடித்த மாதிரி மெல்லிய வெள்ளை. அவர் அழுத்தித் துடைத்தார். நான் வாங்கித் துடைத்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அசையவில்லை.

"உள்பக்கம்ங்க!" என்று கத்திவிட்டேன். "இது உள்ளே படிஞ்சிருக்குதுங்க!"

"அதைத்தான் மிஸ் ரெண்டு மாசமா சொல்றேன்" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக.

மெஷினைப் போட்டதும் நல்ல தூள் கழிவுப் பக்கம் பறந்தது. கண்ணாடி மங்கியதால் கேமராவுக்குக் கறுப்புத் தூளும் வெளிறிய குச்சியாகத் தெரிகிறது. உள்ளே எரிகிற விளக்கின் சூட்டில் கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்து, ஒன்பது மணிக்கு எல்லாம் சரியாகிவிட்டது. கொப்பியில் எழுதியிருந்தது அப்படியே நடந்தது. டீமேக்கரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "காலையில இங்க ஆயிரம் வேலை மிஸ். நான் பாக்கல" என்றார்.

கேமரா அறையைத் திறக்க வேண்டும். அது எங்கள் புது மாடல். தூசி போகாமலிருக்க இறுக்கி மூடி, நட்சத்திரத் தலை போல்ட் போட்டிருப்போம், வாங்கியவர்கள் திறந்துவிடக் கூடாதென்று. எங்கள் கெட்டிக்காரத்தனம் எங்களுக்கே வினையாக வந்தது. அதைத் திறக்கிற கீ பலாலியில் என் பெட்டியில் இருக்கிறது.

"கொட்டகலையில நானா கடையில கெடைக்கும்" என்றார் ஜெயராணி. முஸ்லிம் கடைக்காரர்களை இங்கே எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருவரும் பஸ் ஏறினோம். ஹார்ட்வேர் கடை. நானா என் கையில் இருந்த போல்ட் படத்தைப் பார்த்தார். ஒரு டப்பாவைக் கவிழ்த்தார், இன்னொரு டப்பாவைக் கவிழ்த்தார், கடைசியில் தன் சொந்த மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியிலிருந்து ஒரு கீயை எடுத்தார்.

"இது விக்கிறதுக்கு இல்ல மகள். எண்ட சாமான். கொண்டுபோய் வேலையப் பாருங்க. முடிஞ்சதும் பஸ்ஸில குடுத்து விடுங்க."

"பஸ்ஸில யாருகிட்டங்க?"

"எந்தக் கண்டக்டர்கிட்டயும் குடுங்க. நானாவுக்குன்னு சொன்னா வந்து சேரும்."

கோவையில் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்க நான் படுகிற பாடு எனக்குத் தெரியும். கடைக்குப் பக்கத்திலேயே ரொட்டியும் காரச் சம்பலும் சாப்பிட்டோம். சம்பல் உறைத்த உறைப்பில் என் மூக்கு பட்டென்று திறந்துகொண்டது.

பிற்பகல் ஜெயராணி டார்ச் பிடிக்க, போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடித்தது வாசம். கோயில் வாசமேதான். கருவறை வாசலில் நிற்கிற மாதிரி. விளக்குக்குப் பக்கத்தில், இடுக்கில், காலண்டர் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் செருகியிருந்தது.

ஜெயராணி பதறிவிட்டார். "ஐயோ மிஸ், நான் வைக்கல! எங்க கோயில் மேல சத்தியமா நான் வைக்கல. இதையும் என் தலையில கட்டிருவாங்க. நான்தான் தினம் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறேன், நான்தான் வச்சேன்னு சொல்லிருவாங்க மிஸ்!"

அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். அந்தப் பொட்டலத்தின் மடிப்பு எனக்குத் தெரியும். மூன்று மடிப்பு, முனையை உள்ளே செருகுவது. அப்படி மடிக்கிற ஆள் எங்கள் கம்பெனியில் ஒரே ஒருத்தி. எந்த மெஷின் கடல் தாண்டிப் போனாலும், வெள்ளிக்கிழமை பூஜை முடித்து, திருநீறும் குங்குமமும் ஒரு கட்டிச் சூடமும் வைத்துப் பொட்டலம் கட்டி, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று உள்ளே செருகி அனுப்புவது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பல் விளக்குகிற மாதிரி கையே செய்துவிடும், மூளைக்குத் தெரியாது. பழைய மாடலில் காற்றுத் துளை உண்டு, சூடம் தன்பாட்டில் கரைந்து போய்விடும். இந்த மாடலில் அப்படிப் போக வழியில்லை, வாசம் மட்டும் லேசாகக் கசியும். பகல் சூட்டில் சூடம் ஆவியாகி, ராத்திரிக் குளிரில் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் இது நடக்கவே நடக்காது. இந்த மலைக் குளிரில் ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மூடியிருக்கலாம். அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. வரவில்லை என்றால் அது பொய். எதிரே ஜெயராணி, நான் வைக்கல, நான் வைக்கல என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஜெயராணி, நீங்க வைக்கலைங்க" என்றேன். "நான் வச்சது."

"என்ன மிஸ்?"

"என் கையால மடிச்சு, என் கையால வச்சதுங்க. கோயமுத்தூர்ல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

டார்ச்சைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். "சாமிதான் என்னைச் சோதிக்குதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன் மிஸ். கடைசில நெசமாவே சாமி சாமானா?" நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிந்ததும் அவர் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதார். இரண்டு மாத அழுகை. நான் பக்கத்தில் நின்றேன்.

சாயங்காலம் எம்.டி.க்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன்.

"பொட்டலத்த எடுத்துட்டீங்கல்ல? அப்புறம் என்ன? கிளீன் பண்ணிட்டோம்னு சொல்லிட்டு வாங்க. ஆபரேட்டர் தப்புங்கறது அப்படியே இருக்கட்டும். நம்ம பேரு கெட்டுரும்மா."

"சார், நம்ம பேரு கெடாம இருக்க அந்தப் பொண்ணு பேரு கெடணுங்களா?"

"பூங்கொடி..."

"சிக்னல் இல்லீங்க சார்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணி. தொரை வந்தார், சிங்களவர், நாற்பது வயதுக்காரர். டீமேக்கர் வந்தார். முந்தின நாள் கண்ணாடியை உள்ளும் புறமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மூடியிருந்தேன். ராத்திரி முழுக்கக் குளிர் அடித்திருக்கிறது. ஒரு பொடி அளவு சூடம் எங்காவது மிச்சமிருந்தால் என் கதை முடிந்தது, ஜெயராணியின் கதையும் முடிந்தது. அவர் மூடியைத் திறந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மெஷினைப் போட்டார். கறுப்புத் தூள் கறுப்பாகவே இறங்கியது, குச்சி மட்டும் பறந்தது. கழிவுச் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தொரையின் கையில் வைத்தார். அதில் ஒரு தூள் இல்லை.

தொரை ஏதோ கேட்டார். குறை எங்கே இருந்தது என்று கேட்கிறார் என்றார் டீமேக்கர். நான் தமிழில் சொன்னேன்: பொட்டலம் வைத்தது நான், தவறு என்னுடையது, ஜெயராணி ஒவ்வொரு நாளும் ஒழுங்காகத் துடைத்திருக்கிறார். டீமேக்கர் அதைச் சிங்களத்தில் சொன்னார். என் மூன்று வாக்கியம் அவர் வாயில் அரை வாக்கியமாகிவிட்டது.

உடனே ஜெயராணி குறுக்கே பேசினார், சிங்களத்தில், படபடவென்று. தொரை நிமிர்ந்து பார்த்தார். ஜெயராணி என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: "கம்பெனியில ஏதோ சின்னத் தவறுன்னு டீமேக்கர் ஐயா சொல்றாரு. மிஸ் அப்படிச் சொல்லல. அவங்களே செஞ்சதுன்னு சொன்னாங்க. நான் ஒவ்வொரு நாளும் தொடைச்சேன்னும் சொன்னாங்க. அதை ஐயா விட்டுட்டாரு."

டீமேக்கர் தலையைக் குனிந்துகொண்டார். தொரை கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாது போல, ஆனால் நேரம் எழுதிய எண்கள் தெரியுமே. நிறையப் பக்கம் புரட்டினார். திங்கட்கிழமையும் ஜெயராணி இங்கேயே நிற்கட்டும் என்கிறார் என்றார் டீமேக்கர்.

எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது. ஜெயராணி அசையவில்லை.

"வாயால சொன்னா போதாதுங்க" என்றார், இந்த முறை தமிழில், டீமேக்கரைப் பார்த்து. "என்னைப் பத்தி எழுதித்தானே ஒட்டினீங்க? இதையும் எழுதி ஒட்டுங்க. அதே எடத்துல. தமிழ்ல."

டீமேக்கர் தொரையைப் பார்த்தார். தொரை தலையாட்டினார். ஆபீஸில் டைப் அடிக்கிறவர் இன்னும் வரவில்லை என்றார் டீமேக்கர். நான் விடுவேனா? ரிப்போர்ட் தாளையே எடுத்துத் திருப்பிப் போட்டு, கொட்டை எழுத்தில் எழுதினேன். கலர் சார்ட்டர் இயந்திரத்தில் ஏற்பட்ட பழுதுக்குக் காரணம் அதைச் செய்து அனுப்பிய கம்பெனியைச் சேர்ந்த நான். இயந்திரத்தை ஓட்டும் எம். ஜெயராணி அதை ஒவ்வொரு நாளும் ஒழுங்காகத் துடைத்திருக்கிறார். பழுதைக் கண்டுபிடித்ததும் அவரே. கீழே என் பெயரும் கையெழுத்தும். முத்திரை வேண்டும் என்றேன். டீமேக்கர் குத்தினார். அழுத்தியே குத்தினார். பழைய நோட்டீஸை அவரே கிழித்தார், புதியதை அவரே ஒட்டினார். ஒட்டிவிட்டு, "நான் ஒரு காலையில எறங்கி வந்து பாத்திருக்கணும் மிஸ்" என்றார்.

பசை காய்வதற்குள் எம்.டி.யிடமிருந்து போன். "ரிப்போர்ட் எழுதியாச்சா?"

"எழுதியாச்சுங்க சார். செவுத்துல ஒட்டியும் ஆச்சு."

கொஞ்ச நேரம் கத்தினார். போனைக் கையில் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்: "சார், அதே மாடல்ல ரெண்டு மெஷின் அடுத்த வாரம் கப்பல் ஏறுதில்லீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுலயும் வச்சிருக்கேனுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ அந்த இரண்டையும் நிறுத்தி வைக்கச் சொல்கிற சத்தம் கேட்டது. பிறகு, ரொம்ப மெதுவாக, "நீங்க போனது நல்லதாப் போச்சும்மா" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

மணி ஏழாகிவிட்டது. பெரட்டுக்குப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பலகையில் புதுத் தாளைப் பார்த்ததும் முதலில் ஒருத்தி நின்றாள். அப்புறம் நாலு பேர். அப்புறம் களமே அங்கே வந்துவிட்டது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, சத்தமாகப் படிடி என்றார்கள். முன்னால் நின்றவள் எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். ஜெயராணி பெயர் வந்த இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒருத்தி ஸ்டோர் கதவுக்குள் தலையை நீட்டிக் கத்தினாள்: "அடியே ராணி! வெளிய வந்து பாருடி, என்ன எழுதியிருக்காங்கன்னு!"

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஜெயராணியின் குரல் வந்தது.

"எனக்குத் தெரிஞ்சதுதானேடி. நீங்க படிங்க!"